காலில் டாக்டர் செருப்பு

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் விருத்தாசலம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். வங்கி, தாலுகா ஆபீஸ், மகள் படித்த மயிலம் கல்லூரியின் அலுவலக அறை, எல்லா இடத்திலும் இதே கதைதான். யாரும் கழற்றச் சொன்னதில்லை. சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்துவந்த மகள் மலர்விழியின் கணக்குப்படி, இதுவரை ஒன்பது ஜோடி தொலைந்திருக்கிறது.

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிற ஆள் அவர். காய்ந்த கரும்புச் சோகைக்குள் சாரைப்பாம்பு புகுந்தால் வாலைப் பிடித்துத் தூக்கி வரப்பில் விடுவார். கரும்புக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, ஆடுகிற பலகையில் ஏறி லாரியில் போடுவார். அப்போதெல்லாம் நடுங்காத உடம்புக்கு, ஒரு மேசையும் அதற்குப் பின்னால் ஓர் ஆளும் போதும். கை சில்லிட்டுவிடும். நாக்கு ஒட்டிக்கொள்ளும். "ஆங்க சார்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது.

வலது கண்ணில் புரை விழுந்தபோதுதான் இது வினையாகிப்போனது. தை பிறந்தால் வெட்டு தொடங்கிவிடும். கண் தெரியாதவன் கையில் கத்தி கொடுக்க மாட்டேன் என்று மேஸ்திரி தேவநாதன் சொல்லிவிட்டார். ஆபரேஷன் இலவசம்தான், ஆனால் பிரஷர் நூற்றைம்பதுக்குக் கீழே இருந்தால்தான் செய்வார்கள். கண் சிகிச்சை முகாமில் பார்த்தபோது நூற்றுத் தொண்ணூறு. திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வைத்துப் பார்த்தால் நூற்று முப்பது.

மலர்விழி அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. படித்தது உளவியல், வேலை இன்னும் கிடைக்கவில்லை. படித்ததை அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். ஆபத்து என்று மனசுக்குப் பட்டால் உடம்பு ஓடுவதற்குத் தயாராகும், அதனால்தான் நெஞ்சு வேகமாக அடிக்கிறது என்றாள்.

"நான் எங்க பாப்பா ஓடப்போறேன்? நாற்காலியிலதான ஒக்காந்துக்கினு இருக்கேன்."

"ஒக்காந்துக்கினு இருக்கறது நீ. உள்ள இருக்கறவருதான் ஓடறாரு."

விழுப்புரம் போகிற பஸ்ஸில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். நன்றாக இழுத்தவர் முகம் சிவக்கும்வரை அடக்கிக்கொண்டே இருந்தார். விடச் சொல்லி அவள் இன்னும் சொல்லவில்லையாம். அன்று ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்றவே கூடாது என்று கண்டித்துக் கூட்டிப்போனாள். திருட்டுச் செருப்பைப் போட்டவர்போல முழுநேரமும் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரஷர் இருநூறு.

திரும்பும்போது மலர்விழிக்குப் பஸ் சத்தத்தைவிட மனசின் சத்தம் பெரிதாக இருந்தது. அப்பா செருப்பைக் கழற்றும்போது கூசிப்போவது அவரா, தானா? தன் கூச்சத்துக்கு மருந்து தேடப்போய் அவர் உடம்பைப் பாடாய்ப் படுத்திவிட்டோமோ?

மூன்றாம் முறை அவள் ஒன்றுமே சொல்லவில்லை. ஆபரேஷன் பகுதிக்குள் யாரானாலும் செருப்பில்லாமல்தான் போகவேண்டும். விருத்தாசலம் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது, டாக்டர் புகழேந்தியும் பக்கத்திலேயே தன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார். இவர் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார்.

"சார், குதிகாலு இப்டி வெடிச்சிக் கெடக்குதே."

மலர்விழி திகைத்தாள். ஆபீசோ ஆஸ்பத்திரியோ, அப்பா தானாக வாயைத் திறந்து அவள் பார்த்ததே இல்லை.

"ஆமாங்க பெரியவரே. என்னென்னவோ பூசிட்டேன், போகமாட்டேங்குது."

"வேப்பெண்ணெயில மஞ்சளக் கொழச்சி, படுக்கசொல்ல பூசுங்க. நாங்க சேத்துலயும் சோகையிலயும் நிக்கிறவங்க. எங்களுக்குத் தெரியாத வெடிப்பா?"

வெடிப்பில் எத்தனை வகை என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். நூற்று நாற்பத்திரண்டு. அதைச் சொன்னபோதும் அவர் காதில் வாங்கவில்லை. மஞ்சள் எவ்வளவு சேர்க்கவேண்டும் என்பதில் இருந்தார்.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் பச்சைத்துணி தொங்கும் கண்ணோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபிறகுதான் மலர்விழி அவர் காலைப் பார்த்தாள். மெத்தென்ற கறுப்புச் செருப்பு, குதிகாலுக்குப் பின்னால் ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. டாக்டருடையது, ஒற்றைக் கண்ணில் மாற்றிப் போட்டுவந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் டாக்டரும் இல்லை, இவருடைய பழைய டயர் செருப்பும் இல்லை. அடுத்த வாரம் கண்ணைக் காட்டப் போனபோது டாக்டர் வேறு மாவட்டத்துக்கு மாறுதலாகிவிட்டார் என்றார்கள்.

தையில் வெட்டுக்குப் போனார். மாசியில் சாதிச் சான்றிதழுக்காக மகளோடு கிராம நிர்வாக அலுவலகம் போனார். வாசற்படியில் கால் ஒரு நொடி தயங்கியது. பிறகு செருப்போடே உள்ளே போனார். மேசைக்கு முன்னால் நின்று, எத்தனை தடவைங்க அலையறது என்று கேட்டு, தேதி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். மலர்விழி அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"இன்னாப்பா, செருப்பக் கழட்டல?"

"என்துன்னா கழட்டியிருப்பேன். இது டாக்டரோடது பாப்பா. வெளிய உட்டு எவனாவது தூக்கிக்கினு போயிட்டா, அவருக்கு நான் இன்னா பதிலு சொல்றது? இந்தக் கடன் தீர்ற வரைக்கும் கால உட்டு எறக்க மாட்டேன்."

டாக்டர் விலாசம் கிடைத்ததா என்று வாரம் தவறாமல் கேட்கிறார். செல்போனில் தேடி இரண்டே நிமிடத்தில் மலர்விழி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அது ஆயிற்று இரண்டு மாதம்.

"தேடிக்கினுதான் இருக்கேன்ப்பா" என்கிறாள்.