மார்கரிட்டா பெட்டியைச் சுமக்காத பேச்சியம்மாள்

பேச்சியம்மாள் அக்கா ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார் என்று வேன் டிரைவர் சொன்னபோது நாங்கள் வேலைக்குக் கிளம்பி ஏறி உட்கார்ந்திருந்தோம். உடம்பில் பாதிக்கு மேல் தீக்காயம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் வந்துவிடுவார் என்றுதான் இருந்தோம்.

அக்காவும் நானும் லேபிள் ஒட்டும் ரூமில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். எங்கள் பட்டாசுக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புதுசாக ஒரு வெடி போட்டால், முதல் பெட்டியை இருக்கன்குடி மாரியம்மன் முன்னால் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் மற்றது லோடு ஏறும். அந்தப் பெட்டியைத் தலையில் சுமந்து போவது எப்போதும் அக்காதான்.

போன சீசனில் வானத்தில் வெள்ளைப் பூவாக விரிகிற ஒரு வெடி வந்தது. லேபிளில் மார்கரிட்டா என்று போட்டிருந்தது. அது என்ன பேர் என்று அக்கா கேட்டார்.

"முதலாளி மகன் கோவாவுல குடிச்ச சரக்கு பேரு. கிளாஸ் விளிம்புல உப்பு தடவித் தருவாகளாம்" என்றார் போர்மேன்.

"உப்பா? எங்க வீட்டாளு சரக்குக்கு ஊறுகாயை நக்கியே குடலை அழிச்சுட்டுப் போயிட்டாரு. இது தெரியாமப் போச்சே அவருக்கு!" என்றார் அக்கா.

நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "இந்தப் பேரை ஆத்தா முன்னால கொண்டுபோய் நான் வைக்க மாட்டேன்" என்றார்.

முதலாளி வீட்டு மருமகள் வந்து பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். "அது ஸ்பெயின் நாட்டுப் பேச்சுல ஒரு வெள்ளைப் பூவோட பேரு, அக்கா. பொம்பளைப் பிள்ளைகளுக்கும் வைப்பாங்க. அப்படி ஒருத்தி பேரைத்தான் சரக்குக்கு வச்சதா ஆளுக்கொரு கதை சொல்றாங்க. எது நெசம்னு யாருக்கும் தெரியாது."

அக்கா லேபிளில் இருந்த பேரைத் தொட்டுக் காட்டினார். "பேரை எடுத்தாகளே, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டாகளா தாயி?"

மருமகள் திரும்பிப் போய்விட்டார். போர்மேனுக்குத்தான் கோபம். "அம்புட்டு ரோசம் இருந்தா லேபிள் ரூம் வேண்டாம். வெடிமருந்து அடைக்கிற ரூமுக்குப் போ" என்றார். வேலையை விட அக்காவால் முடியாது. மகள் படித்துக்கொண்டிருந்தாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "என் இடத்துல சாக்கை விரிச்சு உக்காரு, காத்து வரும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தீப்பிடித்தது அந்த மருந்து ரூமில்தான்.

பேப்பரில் 'பெண் தொழிலாளி ஒருவர்' என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதிப் பழக்கமில்லை. பிறந்தபோது மூச்சில்லாமல் கிடந்த பிள்ளை அக்கா. அழுதுவிட்டால் உன் பேரையே வைக்கிறேன் என்று அவருடைய அம்மா குலசாமி பேச்சியம்மனிடம் வேண்டிக்கொண்டாராம். பிள்ளை அழுதது. சாமியிடம் கேட்டு வாங்கிய பேர் அது. அக்காவிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்தப் பேர்தான். தெரிந்தவர்கள் எல்லோரும் அதை முழுசாகச் சொல்லுங்கள். பேச்சியம்மாள்.