ஞானபாக்கியம் முதலாளியாக இருந்த காலம்

போன ஆயுத பூஜையன்று ஞானபாக்கியம் முதலாளி ஆனாள். அவள் கேட்டு ஆகவில்லை. ஒரு கையில் பொரிகடலையும் மறு கையில் பால்கோவாவுமாக நின்றவளை ஆக்கிவிட்டார்கள்.

அவள் பிறந்தது சோழபுரம். கலியாணமாகி ராஜபாளையம் வந்த மறு வருஷமே சத்திரப்பட்டி போகும் சாலையில் இருக்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சேர்ந்தாள். தறியிலிருந்து வரும் துணியை ரோலாகச் சுற்றுகிற கைமெஷின்தான் அவளுக்கு. இடது கை துணியை இழுத்துப் பிடிக்கும், வலது கை கைப்பிடியைச் சுற்றும். காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை சுற்றுதான். மகளைக் கட்டிக்கொடுத்ததும் மகனைப் பாலிடெக்னிக்கில் சேர்த்ததும் அந்தச் சுற்றில் வந்த காசில்தான். வீட்டுக்காரர் பரிபூரணம் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறார். அது ரோட்டில் ஓடிய நாளைவிட ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாள் அதிகம்.

கம்பெனிக்காரர் சுயம்புலிங்கத்தைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். வேலையாள் வீட்டில் ஒரு சாவு என்றால் முதல் மாலை அவருடையதாக இருக்கும். ஆனால் வேலையாளுக்காகச் சட்டப்படி மாசா மாசம் இ.எஸ்.ஐ., பி.எஃப். பணம் கட்டுகிறபோது மட்டும் மனுஷனுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிட்டர் ஒருவரிடம் உதவியாளாக இருக்கும் அவருடைய அக்கா மகன் விமல்தான் அதற்கு வழி கண்டுபிடித்தான். கம்பெனியில் வேலையாள் என்று ஒருவருமே இல்லாவிட்டால் யாருக்குக் கட்டுவது? எல்லோரையும் பங்குதாரர் ஆக்கிவிடுங்கள் மாமா என்றான். இப்படியொரு மூளையை ஆடிட்டர் ஆபீசில் அடைத்து வைத்திருக்கிறார்களே என்றுதான் எனக்கு வருத்தம்.

பூஜை முடிந்து தறிகளுக்கெல்லாம் சந்தனம் வைத்த பிறகு சுயம்புலிங்கம் ஒரு ஸ்டூல் மேல் ஏறினார்.

“இன்னையிலருந்து இங்க வேலைக்காரன்னு ஒருத்தன் கிடையாது. எல்லாரும் மொதலாளி. எல்லாரும் சமம்னு அரசியல் சாசனத்துலயே போட்டிருக்கு. சாசனமே சொன்ன பொறவு நான் என்ன பேச?”

எல்லோரும் கை தட்டினார்கள். விமல் பங்குதாரர் பத்திரத்தை நீட்டினான். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டு எப்படிச் சொல்வது? சர்ச்சுக்குப் போகிற வேதக்காரியான ஞானபாக்கியம் வருஷா வருஷம் பூஜையில் ஓர் ஓரமாக நிற்பவள். அன்றைக்கும் ஓரமாகவே நின்று, வரிசை வந்ததும் கையெழுத்துப் போட்டாள். பரிபூரணம் அன்று சாயங்காலமே ஒர்க்‌ஷாப் முழுக்கத் தன் பெண்டாட்டி முதலாளி என்று சொல்லி, ஊருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் சுயம்புலிங்கம் வழக்கம்போல் பத்து மணிக்கு வந்தார். கம்பெனி பூட்டிக் கிடந்தது. அவர் பூட்டைப் பார்த்து முழித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். தறி ஓட்டுகிற உக்கிரபாண்டி வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் அகலமாகத் திருநீறு பூசி வந்திருந்தான். இவ்வளவு நேரம் எங்கே போய்த் தொலைந்தாய் என்று அவர் கத்தினார். முதலாளி பத்து மணிக்குத்தானே வருவார், இத்தனை வருஷமாக அதைத்தானே பார்க்கிறோம் என்று அவன் மரியாதையாகவே பதில் சொன்னான். அவனை வேலையை விட்டு நிறுத்தப் போவதாக அவர் விமலுக்குப் போன் போட்டார். பங்குதாரரை அப்படியெல்லாம் நிறுத்த முடியாது மாமா என்றான் விமல். அன்று முதல் உக்கிரபாண்டியை அவர் ‘பார்ட்னர்’ என்றே கூப்பிட வேண்டியதாயிற்று. இவர்களும் அவரை ‘மொதலாளி’ என்பதை விட்டுவிட்டு ‘அண்ணாச்சி’ என்றார்கள்.

மற்றபடி ஒன்றும் மாறவில்லை. சனிக்கிழமை அதே கவர் வந்தது. கவரின் மேல் கூலி என்று இருந்த இடத்தில் லாபம் என்று இருந்தது, அவ்வளவுதான். கரண்ட் இல்லாமல் தறி நின்ற வாரத்திலும் லாபம் அச்சு அசலாக அதே அளவுதான். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் லாபத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தீபாவளிக்குப் போனஸ் இல்லை. முதலாளிக்கு யார் போனஸ் கொடுப்பார்கள்?

இதையெல்லாம் ஞானபாக்கியம் பொறுத்துக்கொண்டாள். அவளுக்கு இடி விழுந்தது வேறிடத்தில். சுற்றிச் சுற்றி அவளுடைய வலது மணிக்கட்டு நரம்பு இறுகி, விரல்கள் மரத்துப் போய்க்கொண்டிருந்தன. டம்ளரை எடுத்தால் கையை விட்டு நழுவும். ஆபரேஷன் செய்துவிடலாம், தள்ளிப் போட்டால் கட்டைவிரல் பிடிமானம் போய்விடும் என்று இ.எஸ்.ஐ. டாக்டர் மதுரை ஆசுபத்திரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டோடு போனபோது கவுண்ட்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“உங்க கார்டு செத்துப்போச்சும்மா. இது தொழிலாளிகளுக்குத்தான். நீங்க கம்பெனி ஓனர்னு வருது.”

ஓனர் அம்மா பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே நடந்தாள். தனியார் ஆசுபத்திரியில் காசு கொடுத்துப் பார்க்க இந்த ஜென்மத்தில் முடியாது. கை போனால் மெஷின் போச்சு, மெஷின் போனால் சோறு போச்சு. சுயம்புலிங்கத்திடம் போய் நின்றாள். அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஒருத்தியை மட்டும் தொழிலாளி ஆக்கினால் சமத்துவம் கெட்டுப்போகும் என்று கையை விரித்தார்.

பிறகு அவள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள். கோர்ட்டுக்கு எதிரே மாடியில் வக்கீல் ஜெயசித்ராவின் ஆபீஸ். கதையைக் கேட்ட வக்கீலம்மா முதலில் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்து, வாத்தியாரம்மா மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பத்திரத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று மட்டும் சட்டம் பார்க்காது. வேலையை ஏவுவது யார், லாப நஷ்டம் யாருக்கு, வேண்டாம் என்று சொல்ல முடிந்ததா என்றெல்லாம் பார்க்கும். லீவு போட்டால் லாபம் குறைகிற பங்குதாரர் உலகத்திலேயே கிடையாது. ஆனாலும் இதை நிரூபிக்க நாளாகும், கை அதுவரை பொறுக்குமா என்பதுதான் கவலை என்றார்.

இன்னொன்றையும் அவர் போகிற போக்கில் சொன்னார். கூட்டுக் கம்பெனி என்றால் பங்குதாரர் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் ஏஜெண்டு மாதிரி. கம்பெனி காரியமாக ஒருவர் ஒன்றை ஒத்துக்கொண்டால் அது கம்பெனியே ஒத்துக்கொண்டதாகச் செல்லுபடியாகும். ஞானபாக்கியம் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

தொழிலாளர் துறை அதிகாரிக்கு மனு போனது. சில நாளில் தபால்காரர் அவள் வீட்டுக்கு இரண்டு பதிவுத் தபால் கொண்டுவந்தார். ஒன்று மனுதாரர் ஞானபாக்கியத்துக்கு. மற்றொன்று கம்பெனியின் பங்குதாரரான எதிர்மனுதாரர் ஞானபாக்கியத்துக்கு. ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். அந்தப் பொம்பளையும் இதே வீட்டில்தானே இருக்கிறாள் என்று இரண்டுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போனார்.

விசாரணை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன ஆபீஸ் அறையில் நடந்தது. கம்பெனியே திரண்டு வந்திருந்தது. எல்லோரும் எதிர்மனுதாரர்கள் அல்லவா? கையில் சாப்பாட்டுத் தூக்குகளோடு சுவரோரம் நின்றார்கள். மனுதாரர் யார் என்று அதிகாரி கேட்டார். ஞானபாக்கியம் எழுந்தாள். எதிர்மனுதாரர்கள் யார் யார் என்று கேட்டார். எல்லோரும் கை தூக்கினார்கள். அவள் நின்றபடியே இருந்தாள். நீங்கள் உட்காருங்கள் அம்மா என்றார் அதிகாரி.

“உக்கார முடியாதுய்யா. அதுலயும் நான் இருக்கேன்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு காகிதக் கட்டை மறுபடி புரட்டினார். இரு தரப்புக்கும் சமரசம் ஆக வாய்ப்பு உண்டா என்று விதிப்படி கேட்டார். எனக்கும் எனக்கும் சண்டை ஒன்றும் இல்லை என்றாள் ஞானபாக்கியம். சுயம்புலிங்கம் முன்னால் வந்து, இந்த அம்மா முழுப் பங்குதாரர், எனக்குள்ள அதிகாரம் அத்தனையும் இவருக்கும் உண்டு, என்னில் பாதி மாதிரி என்று மூச்சு விடாமல் பேசினார். பின்னால் விமல் பெருமையோடு தலையாட்டினான்.

அப்போதுதான் ஞானபாக்கியம் தன் பெஞ்சை விட்டு நகர்ந்து எதிர்ப்பக்கம் போனாள். உக்கிரபாண்டி நகர்ந்து இடம் விட்டான். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அதிகாரியைப் பார்த்தாள்.

“இப்ப கம்பெனி சார்பா பேசுதேன்யா. அந்த ஞானபாக்கியம் எங்ககிட்ட வேலை பாக்குற தொழிலாளிதான். லாபம்னு நாங்க குடுத்தது கூலிதான். ஒத்துக்கிடுதோம்.”

அதிகாரி பேனாவை எடுத்தார். ஜெயசித்ரா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். சுயம்புலிங்கத்துக்கு ரத்தம் தலைக்கேறியது.

“அவ யாருய்யா கம்பெனி சார்பா பேச? அவ எங்கிட்ட கூலிக்கு ரோல் சுத்துறவ. அங்க நான் சொன்னாத்தான் எதுவும் நடக்கும்.”

விமல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். அதற்குள் அதிகாரி அவர் சொன்னதையும் எழுதி முடித்து, எழுதியதை வாசித்தும் காட்டி, சரிதானா என்று கேட்டார். இதில் என்ன தப்பைக் கண்டீர்கள் என்று சண்டை போட்டுவிட்டு, கோபம் ஆறுவதற்குள் சுயம்புலிங்கம் கையெழுத்தும் போட்டார். ஞானபாக்கியம் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த மிகப் பெரிய உபகாரம் அந்த ஏச்சுத்தான்.

உத்தரவு வந்தது. செத்துப்போன கார்டுக்கு உயிர் வந்தது. மதுரையில் ஆபரேஷனுக்கு நாளும் குறித்துக் கொடுத்தார்கள்.

அவள் மதுரைக்குப் புறப்பட்ட அன்று சுயம்புலிங்கம் பத்து மணிக்குக் கம்பெனிக்கு வந்தார். பங்குதாரர்கள் எல்லோரும் அவருக்கு முன்பே வந்து, அவர் மேஜை முன்னால் வரிசையாக நின்றார்கள். என்ன பார்ட்னர் என்று கேட்டார். உக்கிரபாண்டி துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான்.

“எங்களையும் அந்த அதிகாரி முன்னால வச்சு ஒரு தடவ ஏசிருங்க, மொதலாளி.”

அந்த வரிசையில் ஞானபாக்கியம் இல்லை. அவள் பஸ்ஸில் ஜன்னலோரமாக, மரத்துப்போன கையை மடியில் வைத்துக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.