உப்புப் பொட்டலம்

குடிவந்த நாட்டில், லா சப்பல் ஞாயிற்றுச் சந்தையில் எங்கள் மேசைக்குப் பின்னால் நின்றது நான், என் மனுசன், பக்கத்தில் கம்பளித் தொப்பி விற்கும் மாலி நாட்டுக்காரி. நான் இழைத்த ஓலைப்பெட்டிகள் இருபது. இன்றும் விற்காவிட்டால் மற்ற நாட்களைப் போல ஞாயிறும் கந்தோர்களில் மேசை, தரை கழுவும் வேலைக்குப் போவதென்று முடிவு.

மழை தூறியது. நனைந்த ஓலை மணத்தது. ஊரில் சாவகச்சேரிச் சந்தையில் ஓலைப்பெட்டி விற்ற அம்மாவின் கடகப்பெட்டிக்குள் இதே மணம்தான். சந்தைக்குப் போன பெட்டி வெறுமையாய் வீட்டுக்கு வரக்கூடாது என்பா அம்மா. விற்காத ஒவ்வொன்றிலும், பக்கத்து உப்புக்காரியிடம் வாங்கி ஒரு கிள்ளு உப்புப் போடுவா.

"உன்ரை பெட்டியாலை என்ரை உப்பு முடியுதடி" என்று உப்புக்காரி சிரிப்பா.

சந்தை கலையும் நேரம் பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்தேன். மனுசன் பார்த்தார்.

"வீட்டிலையிருந்தே கொண்டு வந்தனியோ? அப்ப விக்காதெண்டு தெரிஞ்சுதான் வெளிக்கிட்டிருக்கிறாய்."

"ஓம்" என்றேன்.

அம்மா ஒருநாளும் வீட்டிலிருந்து உப்புக் கொண்டு போனதில்லை.

அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாய் எடுத்தார். மூடிகளைத் திறந்து திறந்து தந்தார். நான் உப்புப் போட்டேன்.

இருபதில் பதினெட்டுப் பெட்டி.