பெயர் போடாத பதினான்கு காகிதங்கள்

பண்டார் பாரு பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பிரேமாவதி டீச்சருக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். பாடம் நடத்துவதில் கெட்டிக்காரி. ஆனால் ஒரு கோர்ஸுக்குப் போய்வந்துவிட்டால் போச்சு, ஒரு மாசத்துக்கு அவர் கையில் யாரும் மாட்டக்கூடாது. போன வருஷம் மூச்சுப்பயிற்சி. பாதிப் பள்ளிக்கூடம் மயங்கி விழாத குறைதான். இந்த முறை அலோர்ஸ்டார் நகரில் இரண்டு நாள், பிள்ளைகளும் கைப்பேசியும் என்று பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்த ஆய்வைப் பற்றி.

திரும்பி வந்த நேரம் சரியில்லை. பள்ளிக்குப் புதிதாய் வந்த பன்னிரண்டு டேப்லெட்டும் பிள்ளைகளைக் கெடுத்துவிடும், பூட்டிவைக்க வேண்டும் என்று பெற்றோர் சங்கத் தலைவர் பக்கிரிசாமி ஒற்றைக்காலில் நின்றார். சனிக்கிழமை கூட்டத்தில் முடிவு. அவற்றுக்காக மூன்று வருஷம் மனு மேல் மனு போட்டவர் டீச்சர். வயிறு எரியாதா?

சட்டம் போடுமுன் பிள்ளைகளைக் கேளுங்கள், பெயரை மட்டும் வெளியே விடாதீர்கள் என்றது கோர்ஸில் கொடுத்த கையேடு. டீச்சரும் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேரிடம், வீட்டில் போன் என்ன பாடுபடுகிறது என்று எழுதி வாங்கினார். பெயருக்குப் பதில் நம்பர். கையெழுத்துகூடத் தெரியக்கூடாதென்று தாமே தட்டச்சு செய்தார். அப்போது அவருக்கு எல்லாம் வெறும் நம்பர்தான்.

ஆய்வு செய்தவர்கள் பட்டணத்துக்காரர்கள். முப்பது வீடு இருக்கிற தோட்டத்தில் பெயரை மறைத்து என்ன பிரயோசனம்? டீச்சராவது யோசித்திருக்கலாம்.

கூட்டத்தில் எழுந்து வாசித்தார். “நம்பர் மூணு. ‘எங்கப்பா ஆட்டுக்குப் புல்லு போடுறப்பவும் டிக்டாக் பாப்பாரு.’”

அங்கே ஆடு வளர்ப்பது ஒரே ஆள். மண்டபமே முனியாண்டியைத் திரும்பிப் பார்த்தது.

“பேரு போடமாட்டேன்னீங்க லா, டீச்சர்!”

“போடலையே, முனியாண்டி அண்ணே!”

சிரிப்பு அடங்கவே இரண்டு நிமிஷம் ஆனது. பக்கிரிசாமிதான் எல்லாரையும்விடச் சத்தமாய்ச் சிரித்தார்.

“நம்பர் எட்டு. ‘அம்மா நாடகம் பாத்து சாம்பார தீய விட்டுட்டாங்க. சட்டி சரியில்லன்னு அப்பாகிட்ட சொன்னாங்க.’” பின்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

“நம்பர் பதினாலு. ‘அப்பா மைக் புடிச்சா போன் கெட்டதும்பாரு. வீட்டுல ஆறு குரூப்புக்கு குட் மார்னிங் போடுவாரு. நான் வரைஞ்ச படத்த காட்டுனேன். பாக்காமலே ம்-னாரு...’”

இந்த இடத்தில்தான் டீச்சருக்கே உறைத்தது. தோட்டத்தில் மைக் பிடிப்பவர் சங்கத் தலைவர் ஒருவர்தானே! ஆனால் பாதியில் நிறுத்த முடியவில்லை.

“‘அப்புறம் அந்தப் படத்த அம்மா போன்ல புடிச்சு அவருக்கு வாட்ஸ்ஆப்ல அனுப்புனேன். ஹார்ட் போட்டாரு.’”

யாரும் சிரிக்கவில்லை. பக்கிரிசாமி மெதுவாகப் போனை எடுத்து, வாட்ஸ்ஆப்பில் மனைவியின் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். அவர் போட்ட ஹார்ட் இருந்தது. படம் இன்னும் இறங்கவே இல்லை, மங்கலாய்க் கிடந்தது. தட்டினார். அவருடைய மோட்டார் சைக்கிள். பின்னால் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு மகள் ரூபினி.

“டேப்லெட்ட பூட்ட வேணாம், டீச்சர்,” என்றார் நிமிராமலே. “கூட்டத்த நீங்களே முடிச்சிருங்க. நான் வீட்டுக்குப் போறேன்.”