லாயத்தில் தொங்கிய வெள்ளை அட்டை

பாபநாசத்தை ஒட்டிய எங்கள் தெருவில் குதிரை கட்டியிருக்கும் வீடு எங்களுடையது ஒன்றுதான். மூன்று குதிரைகள். கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு ஓட்டுவது அப்பாவின் தொழில். வீட்டில் நானும் அவரும் மட்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். விலங்கியலில் பட்டம் வாங்கி, கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இதை நான் யாரிடமும் அடக்கமாகச் சொன்னதில்லை.

லாயத்தின் பின்சுவருக்கு அந்தப்புறம் இடியாப்பக்கார அக்கா வீடு. அவர் கணவர் சவூதியில் இருக்கிறார். காலையில் இடியாப்பம் பிழிந்து, தேங்காய்ப்பாலோடு வாசலில் வைத்து விற்பார். போன ஆவணியில் ஒரு நாள் பால் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நேரே லாயத்துக்குள் வந்துவிட்டார்.

"எண்ணிப் பாருங்கண்ணே, எத்தன மெதக்குதுன்னு. பாலுக்குத் தனிக் காசு, ஈக்குத் தனிக் காசான்னு கேட்டுட்டுப் போறாங்க. தீபாவளிக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா பஞ்சாயத்துல எழுதிக் குடுத்துருவேன், குதிரைய ஊருக்கு வெளிய கட்டிக்குங்க."

ஊருக்கு வெளியே என்றால் வயல்தான். ஐப்பசி மழையில் அங்கே குதிரை நிற்க முடியாது, விற்க வேண்டியதுதான். அப்பா பரணைப் பார்த்தார். "புகையான் பூச்சிக்கு வாங்குன நெல் மருந்து பிரிக்காம இருக்கு. ரெண்டு தடவ அடிச்சா முடிஞ்சுது."

முந்தின வருஷம் அவர் அப்படி அடித்தபோது பெரிய குதிரைக்கு உதடெல்லாம் வீங்கியது. இப்போது அது சினையாக இருந்தது. நான் அக்காவிடம் சொன்னேன்: "ஒரு சொட்டு மருந்து இல்லாம கொறச்சுக் காட்டுறேங்க்கா. நான் பொறுப்பு."

"எம் பொண்ணு சொன்னா செய்யும்" என்றார் அப்பா.

ஈயை அடித்துக் கொல்வதைவிட அது பிறக்காமல் பார்ப்பதுதான் வேலை. குதிரை போடும் ஈர லத்தியிலும், மூத்திரம் ஊறி மக்கிய வைக்கோலிலும் அது முட்டையிடும். பத்து நாளில் புது ஈ பறக்கும். எங்கள் பக்கம் எல்லாவற்றையும் குப்பைக்குழியில் கொட்டிவைத்து, உழவுக்கு முன்புதான் வயலுக்கு ஏற்றுவார்கள். அதுவரைக்கும் அந்தக் குழி ஈக்குப் பிரசவ அறை. முதல் வேலையாகக் குழியை மூடினோம். காலையும் மாலையும் லத்தியை வாரி, பின்கட்டில் விரல் கனத்துக்குப் பரப்பிக் காயவிட்டோம். வைக்கோல் படுக்கைக்குப் பதில் உமி போட்டோம். நனைந்த இடத்தை மட்டும் அள்ளி எறிந்துவிடலாம். மூத்திரம் தேங்கும் பள்ளங்களில் மண்ணடித்து, வழிந்தோடும்படி வாட்டம் கொடுத்தோம். சினைக்குதிரையின் கால் பக்கமாகப் பழைய டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். காற்று பலமாக அடிக்கும் இடத்தில் ஈயால் உட்கார முடியாது. காயும் லத்தியைக் கிளறிப் புழு பொறுக்க ஐந்து கோழிகள் வாங்கி விட்டேன்.

லாயத்தின் உத்தரத்தில் ஒரு வெள்ளை அட்டையைத் தொங்கவிட்டேன். ஈ உட்கார்ந்து எழும் இடத்தில் கரும்புள்ளி விட்டுப் போகும். தினமும் சாயங்காலம் பஸ் விட்டு இறங்கியதும் புள்ளிகளை எண்ணி நோட்டில் எழுதிவிட்டு, புது அட்டை மாட்டுவேன்.

நாலாம் நாளே புள்ளிகள் பாதியாகிவிட்டன.

இங்கேதான் என் தவறு. ஏற்கெனவே புழுவாகவும் கூடாகவும் இருப்பவை பறந்து, வாழ்ந்து, சாக வேண்டாமா? மூன்று வாரமாவது ஆக வேண்டும். தேர்வில் இதைப் படம் போட்டு எழுதியவள் நான். ஆனால் நோட்டில் எண் குறைந்ததும் சந்தோஷத்தில் கணக்குப் பார்க்கவில்லை. என் கைக்கு அவ்வளவு ராசி என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் கிராம சபை கூடியபோது எழுந்து பேசினேன். அட்டைகளை வரிசையாகக் காட்டினேன். "ஒரு சொட்டு மருந்து கிடையாது" என்றேன். கூட்டத்தில் சிரிப்பும் கைதட்டலும் கேட்டன. சிரிப்பை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். கடைசி வரிசையில் அப்பாவும் எழுந்து நின்று கைதட்டினார்.

அதன்பின் ஒரு வாரம் மழை. லத்தி காயவில்லை. அட்டையில் புள்ளிகள் கூடின. இரண்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் ஐந்து கோழிகளும் பின்கட்டில் காலை நீட்டிக் கிடந்தன.

யார் வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கோழிகள் சுவர் தாண்டிப் போய் அக்கா காயவைத்த மாவைக் கிளறும். "இன்னொரு தடவ வந்துச்சு, கொழம்புதான்" என்று அவர் போன வாரம்தான் கத்தியிருந்தார். சுவரோரம் போய் நின்றேன்.

"வாயில்லா சீவனுக்கு மருந்து வெச்சுட்டீங்களே! அஞ்சு வேள தொழுது என்ன பண்ணுறது?"

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அக்கா மாவுக் கையோடு வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் குதிரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவையே பார்த்தார். "விடும்மா, விடு. போனது போவட்டும்" என்றார் அப்பா. எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தேன்.

புதைப்பதற்கு முன் ஒரு கோழியின் இரைப்பையை அறுத்துப் பார்த்தேன். பழகிய கைதான். உள்ளே அரிசியும் இல்லை, மாவும் இல்லை. புழுவும் செத்த ஈயும் அடைத்துக் கிடந்தன. மருந்து வாடை குப்பென்று அடித்தது. நடவு வயல் பக்கம் வளர்ந்த யாருக்கும் அது தெரியும். பரணில் ஏறிப் பார்த்தேன். புகையான் மருந்துப் பாட்டிலில் அடி மட்டும் மிச்சம்.

"எப்பலேர்ந்துப்பா?"

அவர் குதிரையின் பிடரியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "மொத நாள்லேர்ந்து. நீ பஸ் ஏறுனதும் குதிரைய வாய்க்காலுக்கு ஓட்டிட்டுப் போயிடுவேன். சொவத்துக்கு மட்டும்தான் அடிச்சேன். செத்தத கூட்டித் தள்ளிடுவேன். மழைக்கு ஈ கூடிப்போச்சா, நேத்து லத்தி மேலயும் அடிச்சுட்டேன்."

"நான்தான் வேணாம்னு சொன்னேன்ல?"

"கொறையலன்னா தெருவே சிரிக்கும்மா. படிச்சுக் கிழிச்சான்னு சொல்லுவானுங்க. உனக்காகத்தான்..."

"அக்காவ நான் ஏசுனப்ப பக்கத்துலதான நின்னீங்க?"

அவர் பிடரியை விட்டுவிட்டு, குதிரையின் அந்தப்புறம் போய்த் தேய்க்கத் தொடங்கினார். மருந்தடித்ததை நான் ஒருவேளை மன்னித்துவிடுவேன். அந்தக் கேள்விக்குப் பதில் இன்றுவரை வரவில்லை.

அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்குத் தெரியும் புள்ள" என்றார். "உங்கப்பா டேங்க முதுகுல மாட்டிக்கிட்டு அடிக்கிறது மாடிலேர்ந்து தெரியுமே. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுத்தான் செய்யிறீங்கன்னு நெனச்சோம். கூட்டத்துல ஒரு சொட்டு மருந்து இல்லன்ன பாரு, எங்களுக்கெல்லாம் சிரிப்பு அடங்கல. படிச்ச புள்ள, எப்புடி கூசாம பேசுதுன்னு."

"காலைல ஏங்க்கா சொல்லல?"

"அவரு சொல்லுவாருன்னு பாத்தேன்."

மறுபடி முதலிலிருந்து தொடங்கப் போவதாகச் சொன்னேன். "செய்யி. தீபாவளிக்கு மேல ஈ நின்னா எழுதிக் குடுப்பேன். அதுல மாத்தமில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பாட்டிலை என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பழைய நோட்டைக் கிழித்தேன். அப்பாவின் மருந்து பட்ட உமியை அள்ளிவிட்டு, சுவரைக் கழுவினேன். மழைக்கு லத்தி காயாது என்பதால், வாரியதைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினேன். மூட்டத்துக்குள் கை வைக்க முடியாத சூடு ஏறியது. அந்தச் சூட்டில் புழு தங்காது. மூன்று வாரம் அட்டை கறுப்பாகத்தான் இருந்தது. அதை அப்படியே சுவருக்கு மேல் அக்கா கண்ணில் படும்படி மாட்டிவைத்தேன். நாலாவது வாரம், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, புள்ளிகள் இறங்கத் தொடங்கின. கொஞ்சம் கொஞ்சமாக, பாடத்தில் உள்ளபடி. அக்கா இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

அப்பா இப்போது நான் சொல்லாமலே லத்தி வாருகிறார், தார்ப்பாயை இறுக்குகிறார். காலையில் நான் கிளம்பும்போது டீ போட்டு நீட்டுகிறார். டம்ளரை வாங்கியதும் முதலில் அவர் விரல் பட்ட இடத்தை மோந்து பார்க்கிறேன். அவர் பார்க்கும்படிதான் மோந்து பார்க்கிறேன். அப்புறம்தான் குடிக்கிறேன்.