கொத்தவரை வற்றல் போடாத வருஷம்

எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் கூச்சமில்லை. ஐந்தாம் வகுப்பில் அந்தப் பெருமை கொஞ்சம் அளவு மீறியிருந்தது.

ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையோரம் எங்கள் வீடு. அப்பா வாழைத்தோட்டத்தில் கூலி வேலை செய்தார். கொல்லையில் அம்மா போட்ட காய்கறியைத்தான் வருஷம் முழுக்கச் சாப்பிட்டோம். தை மாசியில் அவரை, கோடையில் கொத்தவரை. மிஞ்சிய கொத்தவரையை உப்புப் போட்டு வேகவைத்து, வெயிலில் காயவைத்து, பானையில் போட்டு வாயைக் கட்டி வைப்பாள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காய்கறி எட்டாத விலைக்குப் போகும்போது அந்தப் பானைதான் எங்களைக் காப்பாற்றும். அந்த மாதங்கள் முழுக்க என் தூக்கில் வற்றல் குழம்புச் சோறு. வகுப்புப் பெண்களின் தூக்கில் காரட்டும் பீட்ரூட்டும்.

ஒரு பங்குனி மாதம், பாடப் புத்தகத்தில் சத்துள்ள காய்கறிகளைப் பற்றிய பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம சாப்பிடறது ஏதாச்சும் அதுல போட்டிருக்காடி?"

அவரை, கொத்தவரை, முருங்கைக்கீரை எல்லாமே இருந்தன. நான் நிமிராமலே சொன்னேன்.

"ஒண்ணுகூட இல்லம்மா. காரட், பீட்ரூட், கோஸ். அவ்வளவுதான்."

அம்மா அந்த வருஷம் வற்றல் போடவில்லை. கொத்தவரையைக் கூடையில் சுமந்து, பாலம் தாண்டி நடந்துபோய், காந்தி மார்க்கெட்டில் விற்றுவிட்டுப் புத்தகத்துக் காய்களை வாங்கி வந்தாள். சிவந்து கிடந்த சோற்றைப் பார்த்து அப்பா, "யாருக்குடி கை அறுபட்டுச்சு?" என்றார்.

"சும்மா சாப்பிடுங்க. புள்ள படிச்சுப் பாத்துச் சொல்லுது."

அப்பா மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கொல்லையில் முழங்கால் தண்ணீர். அப்பாவுக்கு வேலை இல்லை. மார்க்கெட்டில் விலை கேட்கவே பயம். பானையோ காலி. நாள்கணக்கில் வெறும் சோறும் உப்பும் பச்சை மிளகாயும்தான்.

"மழைக்கு அந்தக் காரட்டு வராதாமா?" என்று அப்பா கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். "போன வருஷப் பொஸ்தகத்தை எடுத்தா. மழைக்கு என்ன திங்கச் சொல்லியிருக்குன்னு பாரு."

கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். பக்கத்தைத் திறந்தேன். அவள் குனிந்து, ஓரத்தில் இருந்த ஒரு படத்தின் மேல் விரலை வைத்தாள். கொத்தாகத் தொங்கும் கொத்தவரங்காய்.

"இது நம்ம கொத்தவரை மாதிரியே இல்ல? அன்னிக்கே பாத்தேன். நீ இல்லேன்னு சொன்னியா, சரி, இது ஏதோ சீமைக்காயாக்கும்னு விட்டுட்டேன்."

"ஆமாம்மா, சீமைக்காய்தான்" என்றேன்.

தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதி மட்டும்தான் எனக்கு. விதை ஊன்றித் தண்ணீர் விட்டு, தினமும் தன் கையால் பறித்த காயை, நான் சொன்ன ஒரு வார்த்தைக்காகத் தனக்குத் தெரியாத காய் என்று அவள் நினைத்துக்கொண்டது அன்று எனக்கு உறைக்கவில்லை.