ஆவுடையப்பனின் இரண்டு மை நோட்டு

ஆவுடையப்பனின் ஆங்கிலத்தை இருபது வருஷமாக அவருடைய கையெழுத்துதான் காப்பாற்றி வந்தது.

சங்கரன்கோவிலில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் அவர் குமாஸ்தா. ஈரோட்டுக்கும் சென்னைக்கும் போகிற ஜவுளிக்கட்டுகளுக்கு ஆங்கிலத்தில் ரசீது எழுதுவது வேலை. எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்துச் சாய்ந்து நடக்கும். அந்த அழகைப் பார்த்தவர்களுக்கு உள்ளே பிழை இருக்கும் என்று தோன்றாது. ஒரு சொல்லில் வருவது ‘ஈ’யா ‘ஐ’யா என்று சந்தேகம் வந்தால், இரண்டுக்கும் பொதுவாக ஒரு சுழி போட்டுப் புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுவார். வாசிப்பவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தாராளத்துக்குத்தான் பஜாரில் அவருக்கு ‘இங்கிலீஷ்காரர்’ என்று பெயர். எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் இரண்டு தடவை தோற்றவர் என்பது கல்யாணத்துக்கு முந்தின சங்கதி. மனைவி கோமதித்தாய்க்குக்கூடத் தெரியாது.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஐந்தாறு பேர் அவரிடம் வந்தார்கள். எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். ஆங்கிலம் ஓரளவு வாசிப்பார்கள். எழுதப் போனால் எழுத்துகள் முன்பின்னாக விழும். ஸ்பெல்லிங் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார்கள். அவர் மறுத்திருக்கலாம். உங்களை விட்டால் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று அவர்களில் ஒருவர் சொல்லிவிட்டார். அதற்குமேல் எப்படி மறுப்பது?

சாயங்காலம் ஈரோட்டு லாரி கிளம்பியதும் ஆபீஸிலேயே வகுப்பு. மாணவர்கள் ஜவுளிக்கட்டுகளின் மேல் உட்கார்ந்துகொள்வார்கள். கறுப்புப் பெயிண்ட் அடித்த தகரம்தான் போர்டு. அவரவர் வேலையில் புழங்குகிற சொற்களை அவரவரே கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆஸ்பத்திரி ஆயா முத்துத்தாய் மருந்துப் பாட்டிலிலிருந்து கொண்டுவருவாள். ரேடியோ ரிப்பேர் செய்கிற மன்சூர் அலி அட்டைப்பெட்டியைக் கிழித்து எடுத்து வருவான். பஞ்சு மில்லில் பொதி தூக்குகிற வெள்ளத்துரை, ஸ்டோர் கதவில் ஒட்டியிருக்கிற பட்டியலை மனசில் வாங்கிக்கொண்டு வருவார்.

தெரிந்த சொல்லை ஆவுடையப்பன் உடனே எழுதிக் காட்டுவார். தெரியாததைப் போர்டில் எழுத மாட்டார். “நீங்களே யோசிச்சுப் பாருங்க, நாளைக்குச் சொல்லுதேன்” என்பார். மாணவனையே யோசிக்க வைக்கிற வாத்தியார் என்று அதற்கும் ஒரு பெயர் வந்து சேர்ந்தது.

வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டை எடுப்பார். அந்தச் சொல்லைத் தனக்குத் தோன்றியபடி முதலில் நீல மையில் எழுதுவார். பிறகு அகராதியைப் பார்த்துச் சரியானதைப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுவார். புக்கிங் ஆபீஸ் பதிவேட்டில் அப்படித்தான் வழக்கம். லாரியில் ஏறிய சரக்கு நீலம். போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்துவிட்டால் சிவப்பு. ஒரு சொல்லும் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று உண்டல்லவா?

அகராதி திருநெல்வேலியில் பழைய விலைக்கு வாங்கியது. அதில் ‘ஏ’ எழுத்து முழுக்கக் கிழிந்து போயிருந்தது. அந்த எழுத்தில் தொடங்கும் சொல்லை யாராவது கொண்டுவந்தால், இதெல்லாம் இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை என்று சொல்லிவிடுவார். ஒருநாள் வெள்ளத்துரை ‘ஆசிட்’ என்ற சொல்லோடு வந்தார். அதற்கும் அதே பதில். வாரம் தவறாமல் ஆசிட் கேன் இறக்குகிற மனுஷன், மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வருஷம் தை மாதம் வெள்ளத்துரைக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இனிமேல் பொதி தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் மில் ஸ்டோரில் ஓர் இடம் காலியானது. மானேஜர் நல்ல மனுஷன். இருபது சாமான் பெயர் சொல்லுவேன், பன்னிரண்டு சரியாக எழுதினால் ஸ்டோர் நாற்காலி உனக்கு என்றார். இல்லாவிட்டால் மறுபடி பொதிதான். வெள்ளிக்கிழமை பரீட்சை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆவுடையப்பன் ஒரு கல்யாணத்துக்காகப் புளியங்குடி போயிருந்தார். வெள்ளத்துரை வீடு தேடி வந்திருக்கிறார். படிக்க ஏதாவது கிடைக்குமா என்று கேட்டவரிடம், கோமதித்தாய் அந்த நோட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமையாவது புருஷனிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம், மறந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை வகுப்பில்தான் வெள்ளத்துரை வாயைத் திறந்தார்.

“அறுபத்திமூணு வார்த்தையும் மனப்பாடம் சார். கேளுங்க.”

ஆவுடையப்பன் கேட்டார். வெள்ளத்துரை தகரத்தில் எழுதினார். முதல் சொல்லில் ஆவுடையப்பனுக்கு ஒன்றும் உறுத்தவில்லை. இரண்டாவதும் உறுத்தவில்லை. தன்னுடைய பிழை தனக்கு எப்படி உறுத்தும்? மூன்றாவது சொல்லைப் போன வாரம்தான் அகராதியில் பார்த்திருந்ததால், அதில் ஓர் எழுத்து பிசகியிருப்பது தெரிந்தது. அப்போதுதான் வெள்ளத்துரையின் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நோட்டைப் பார்த்தார்.

“இது எங்கனவே கிடைச்சுது?”

“மதினிதான் தந்தாக. தப்பையெல்லாம் நீங்களே செவப்பு மையில போட்டுக் காட்டியிருக்கீகள்ளா, அதுனால லேசா இருந்துச்சு. செவப்பத் தொடவே இல்ல. நீலத்த மட்டும் படிச்சேன்.”

பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த எவனும் அப்படித்தான் படிப்பான். சிவப்பு என்றால் பிழை. இந்த உலகத்தில் சிவப்பைச் சரி என்று நினைக்கிற ஒரே ஆள் ஆவுடையப்பன்தான்.

ஆறு பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு இடையில் இரண்டே நாள். உண்மையைச் சொல்வதற்கு முன் ஒரு பொய்யை முயன்று பார்ப்பது அவருடைய சுபாவம். நீலம் அமெரிக்கக்காரன் எழுதுகிற முறை, சிவப்பு இங்கிலாந்துக்காரன் முறை, இரண்டும் உண்டு, ஆனால் பரீட்சைக்குச் சிவப்பே நல்லது என்று கம்பீரமாகச் சொன்னார். தப்பித்துவிட்டதாகவே நினைத்தார்.

வெள்ளத்துரையின் முகம் மலர்ந்தது. “அப்ப நீலமே இருக்கட்டும் சார். எங்க மில்லுல மிசின் பூரா அமெரிக்கா மிசின்.”

பொய் போன வேகத்தில் திரும்பி வந்து காலடியில் விழுந்தது. ஆவுடையப்பன் கையில் இருந்த சாக்பீஸைப் பார்த்தார். வெள்ளத்துரை உட்கார இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மெல்லக் குனிவதையும் பார்த்தார்.

“வெள்ளத்துரை, அமெரிக்காவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நீலம் பூரா நான் எழுதுன தப்பு. எனக்குத் தெரியாதுவே. அகராதியப் பாத்துத்தான் செவப்புல எழுதுனேன்.”

வெளியே யாரோ சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது.

மன்சூர் அலிதான் முதலில் பேசினான். “அப்ப நாங்க இத்தன நாளாப் படிச்சது எந்தக் கலரு சார்?”

முத்துத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆவுடையப்பன், போர்டில் எழுதியதெல்லாம் சிவப்புதான் என்று ரொம்ப நேரம் விளக்கினார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வெள்ளத்துரை சிரிக்கவில்லை. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏறின சொல்லை இனி எப்படி இறக்குவது என்று கேட்டார். இறக்க வேண்டாம், முதலில் நீலத்தை எழுதும், பிறகு பக்கத்தில் சிவப்பை எழுதும் என்று ஆவுடையப்பன் வாயில் வந்ததைச் சொன்னார். வெள்ளத்துரை எழுதினார். நான்காவது சொல்லில் அவருக்கு ருசி தட்டிவிட்டது.

“இங்கன சார் ஒரு எழுத்த முழுங்கியிருக்காக. இங்கன பாரும், ஒண்ணக் கூடுதலாச் சேத்திருக்காக.”

மற்றவர்களும் கட்டுகளை நகர்த்திக்கொண்டு வந்தார்கள். அன்றும் மறுநாளும் வியாழக்கிழமையும் வகுப்பு அதுதான். சார் எந்த இடத்தில் வழுக்கினார் என்று ஆளாளுக்குக் கண்டுபிடித்தார்கள். ஒரு சொல்லின் ஸ்பெல்லிங் மறந்துபோகும்; ஒரு மனுஷன் குப்புற விழுந்த இடம் மறக்காது. இருபது வருஷமாகக் கட்டிக் காத்த பெயர் போவதை ஆவுடையப்பன் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பாடம் நடத்தியபோது ஒருநாளும் இவர்கள் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆவுடையப்பனுக்கு ரசீது எழுத ஓடவில்லை. சாயங்காலம் வெள்ளத்துரை நேரே ஆபீஸுக்கு வந்தார். இருபதில் பதிமூன்று சரி. தப்பாகப் போன ஏழில் ஐந்து, ‘ஏ’யில் தொடங்குபவை. ஆசிட், ஆங்கிள், ஆக்ஸில் என்று மானேஜர் வரிசையாகச் சொல்லியிருக்கிறார்.

“இதெல்லாம் இப்பம் யாரும் பயன்படுத்துறதில்லன்னு மானேஜர்ட்டச் சொன்னேன் சார்.”

“அதுக்கு என்ன சொன்னாரு?”

“ஒங்க வாத்தியார் யாருன்னு கேட்டாரு. நீங்க வருத்தப்படக் கூடாது. பேரச் சொல்லிட்டேன்.”

வெள்ளத்துரை ஸ்டோர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, பங்குனியில் மில்லிலிருந்து முதல் பார்சல் வந்தது. சென்னைக்குத் திரும்பிப் போகிற பேரிங் பெட்டி. மேலே ஒட்டியிருந்த சீட்டு வெள்ளத்துரை எழுதியது. எழுத்துகள் தனித்தனியாக, கோழி நடந்த மாதிரி இருந்தன. ஆனால் எது ‘ஈ’, எது ‘ஐ’ என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஆவுடையப்பன் பதிவேட்டைப் பிரித்து நீலப் பேனாவைத் திறந்தார். சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதினார். ‘ஐ’ வந்த இடத்தில் கொஞ்சம் தயங்கிவிட்டு, புள்ளியை அதற்கு நேர் மேலேயே வைத்தார்.